தேசியக் கடன் என்றால் யார் வாங்கிய கடன்?

'தேசியக் கடன் போட்டியில் கல்லூரி மாணவர்கள்' என்று ஒரு தலைப்பு. படித்தவுடன் ஏதோ கடன் மேளா, ஜெயித்தவருக்கு வங்கி கடன் கொடுக்கும் என்றுதான் தோன்றும். உள்ளே இருந்தது அமெரிக்கச் சங்கதி; ஆங்கில 'நேஷனல் டெட்' தமிழில் 'தேசியக் கடன்' ஆகியிருந்தது. பீட்டர்சன் அறக்கட்டளை, நெட் இம்பாக்ட் என்ற தொண்டு நிறுவனம், முன்னாள் அதிபர் கிளின்டன் தொடங்கிய மாணவர் அமைப்பு மூன்றும் சேர்ந்து 2012-13 கல்வியாண்டில் 'அப் டு அஸ்' என்ற போட்டியைத் தொடங்கின. அமெரிக்க அரசு ஆண்டுக்கணக்கில் வாங்கிக் குவித்திருக்கும் கடனைப் பற்றித் தங்கள் வளாகத்தில் மாணவர் அணிகள் பிரசாரம் செய்ய வேண்டும். ஜெயித்த அணிக்கு 10,000 டாலர் பரிசு. யாருக்கும் கடன் கிடையாது!

'அப் டு அஸ்' என்பதையும் 'எங்கள் வரை' என்று எழுதியிருந்தார்கள். 'நம் கையில்தான் இருக்கிறது' என்பது அதன் பொருள்.

கடன் பழைய சொல். 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்ற புறநானூற்று வரியில் அது கடமை. காலைக்கடன், நேர்த்திக்கடன் என்று அந்தப் பொருள் இன்றும் வீட்டுப் பேச்சில் இருக்கிறது. கொடுக்கல் வாங்கலுக்கும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் கடனைக் குறிக்கும் 'டெட்', கடமையைக் குறிக்கும் 'டியூட்டி' இரண்டும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. அங்கே பிரிந்தது இங்கே ஒரே சொல்லாக நிற்கிறது. கடன் என்ற சொல்லில் சிக்கல் இல்லை, அதன் முன்னால் எதைப் போடுவது என்பதில்தான்.

வீட்டுக்கடன் வீடு வாங்க, பயிர்க்கடன் பயிர் வைக்க, நகைக்கடன் நகையை அடகு வைத்து. தமிழில் கடனுக்கு முன்னால் வரும் சொல் பெரும்பாலும் எதற்காக, எதன்மேல் என்றுதான் சொல்கிறது. அந்தப் பழக்கத்தில் 'தேசியக் கடன்' என்றால் ஏதோ திட்டத்தின் பெயர்போல ஒலிக்கிறது. போகட்டும், தேசம் வாங்கிய கடன் என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் சரியில்லை. இந்தக் கணக்கில் வருவது வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி அரசு வாங்கியது மட்டும். கலிபோர்னியா மாநில அரசின் கடன் இதில் இல்லை, ஓஹியோக்காரர் வீட்டுக்கு வாங்கிய கடனும் இல்லை. ஆனால் 'தேசிய' என்று போட்டதும் கடன் எல்லார் தலையிலும் ஏறிவிடுகிறது. 2025 அக்டோபரில் தொகை 38 டிரில்லியன் டாலரைத் தாண்டியது, அதாவது 38 லட்சம் கோடி. அதை மக்கள்தொகையால் வகுத்து 'ஒவ்வொரு அமெரிக்கரும் லட்சம் டாலருக்கு மேல் கடனாளி' என்று எழுதிவிடுகிறார்கள். எந்த வங்கியும் அந்தத் தொகையைக் கேட்டு யார் வீட்டுக் கதவையும் தட்டப்போவதில்லை.

பொதுக்கடன் என்று பாடநூல்கள் சொல்கின்றனவே என்பார்கள். இந்தியக் கணக்கை எழுத அது ஓடும். அமெரிக்கக் கணக்கை எழுதும்போது உதைக்கும். அங்கே மொத்தக் கடனை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, அரசு தன் சமூகப் பாதுகாப்பு நிதி போன்றவற்றுக்கே தர வேண்டியது. மற்றது 'பப்ளிக்' கையில் உள்ளது: ஓய்வூதிய நிதிகள், சேமிப்பாளர்கள், அந்நாட்டு மத்திய வங்கி, ஜப்பான் போன்ற வெளிநாடுகள். கவனியுங்கள், இங்கே 'பப்ளிக்' கடன் கொடுத்தவர்! மொத்தத்துக்கும் பொதுக்கடன் என்று பெயர் வைத்துவிட்டு, இந்தப் பகுதியையும் 'பொதுமக்கள் கடன்' என்று எழுதினால் கொடுத்தவரே கடனாளி ஆகிவிடுகிறார். அப்படி எழுதியும் இருக்கிறார்கள்.

சரி, 'அரசுக் கடன்'? கிட்டத்தட்ட வந்துவிட்டோம். ஆனால் அமெரிக்க மாணவர்களின் கல்விக் கடனில் பெரும்பகுதி அரசே கொடுப்பது. அதையும் 'அரசுக் கடன்' என்றுதானே சொல்வோம்? அங்கே மாணவர் கடனாளி, அரசு கடன் கொடுத்தவர். மாணவர்களை வைத்து நடக்கும் போட்டியைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டும் கலந்தால் கட்டுரையே குட்டிக்கரணம் போடும். அதனால் 'அரசின் கடன்' என்பதே என் கட்சி. ஒரே ஒரு 'இன்' உருபு, யார் வாங்கினார் என்பது தெளிவு. மாநிலத்தோடு குழம்பும் இடத்தில் 'கூட்டாட்சி அரசின் கடன்' என்று எழுதலாம். தலைப்புக்கு நீளம் என்பார்கள். தப்பான தலைப்பைவிட நீளமான தலைப்பு மேல்.

இதைவிட எரிச்சல் தருவது பற்றாக்குறையையும் கடனையும் ஒன்றாக்குவது. ஓராண்டின் வரவுக்கு மேல் போன செலவு பற்றாக்குறை. அதற்காக வாங்கி வாங்கிச் சேர்ந்தது கடன். கிளின்டன் காலத்தில், 1998 முதல் சில ஆண்டுகள் உபரி வந்தது. அரசின் கடன் தொகையை ஓடும் எண்களில் காட்டியபடி நியூயார்க்கில் 1989 முதல் ஓடிக்கொண்டிருந்த 'கடன் கடிகாரம்' என்ற பலகையைக்கூட 2000இல் நிறுத்தினார்கள், 2002இல் மறுபடி ஓடவிட்டார்கள். உடனே நம் ஆட்கள் 'கிளின்டன் கடனை அடைத்தார்' என்று எழுதுவார்கள். அவர் காலத்தில் இல்லாமல் போனது பற்றாக்குறை. கடன் டிரில்லியன் கணக்கில் அப்படியே இருந்தது. அமெரிக்கா முழுக் கடனையும் அடைத்தது 1835இல், அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில்.

ஒன்றை மட்டும் பாராட்ட வேண்டும். நாடாளுமன்றம் இவ்வளவுக்கு மேல் கடன் வாங்கக் கூடாது என்று போடும் எல்லையை யாரோ 'கடன் உச்சவரம்பு' என்றார். நில உச்சவரம்புச் சட்டத்தால் ஊருக்கே தெரிந்த சொல், அப்படியே பொருந்துகிறது. இப்போது அதையும் விட்டுவிட்டுச் சிலர் ஆங்கில 'டெட் சீலிங்'கைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'கடன் கூரை' என்று எழுத ஆரம்பித்திருக்கிறார்கள்.