தைராய்டு மாத்திரையோடு சேர்ந்து உள்ளே போகிறவை

இருபது வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். ஒரே ஆளுக்கு எழுதப்பட்ட எல்லா மருந்துச்சீட்டும் என் கைக்கு வரும். தைராய்டுக்கு ஒரு டாக்டர், மூட்டு வலிக்கு இன்னொருவர், நெஞ்செரிச்சலுக்கு மூன்றாமவர். அவர் எழுதியது இவருக்குத் தெரியாது.

போன வருடம் ஒரு அக்கா வந்தார். ஐம்பது வயது இருக்கும். 50 மைக்ரோகிராமில் தொடங்கிய தைராய்டு மாத்திரை 75, 100 என்று ஏறி 125-க்கு வந்திருந்தது. தைராய்டு ஹார்மோன் போதவில்லை என்றால் ரத்தப் பரிசோதனையில் ஏறிக் காட்டும் டி.எஸ்.எச். அப்படியும் 11-இல் நின்றது. "மாத்திரை போலியா தம்பி?" என்று சந்தேகமாகக் கேட்டார். காலையில் எப்படிப் போடுகிறீர்கள் என்று விசாரித்தேன். "எல்லாத்தையும் ஒண்ணா வாயில போட்டு காபிய குடிச்சிடுவேன். அப்பத்தான் மறக்காது."

அந்த 'எல்லாத்தையும்' என்பதில் ஒரு கால்சியம், ஒரு இரும்புச்சத்து, ஒரு கேஸ் மாத்திரை. எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு 'காலை' என்று எழுதிக் கொடுத்தது வேறு யாருமில்லை, என் கடைதான்.

தைராய்டு மாத்திரையில் இருக்கும் ஹார்மோனான தைராக்ஸின் கொஞ்சம் நோஞ்சான் மருந்து. அளவு மைக்ரோகிராமில்தான். இரும்பும் கால்சியமும் குடலில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; ரத்தத்துக்குப் போகவேண்டியது மலத்தோடு போய்விடும். மாத்திரை நன்றாகக் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், கேஸ் மாத்திரையோ அந்த அமிலத்தையே குறைக்கிறது. காபியும் உறிஞ்சுதலைக் கெடுக்கும். அதனால்தான் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி, டிபன் என்கிறோம். இரும்புக்கும் கால்சியத்துக்கும் அந்த இடைவெளி போதாது. நான்கு மணி நேரம் தள்ள வேண்டும்.

அந்த அக்காவுக்கு இரும்பை மதியத்துக்கும் கால்சியத்தை இரவுக்கும் மாற்றினோம். அவை இரண்டும்கூட ஒன்றுக்கொன்று ஆகாது. கேஸ் மாத்திரை இனியும் தேவையா என்று டாக்டரிடமே கேட்கச் சொன்னேன். ஆறு வாரம் கழித்துப் பரிசோதனை. தைராக்ஸின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும் என்பதால் அதற்கு முன்னால் பார்ப்பது வீண் செலவு. இந்த முறை டி.எஸ்.எச். இருக்கவேண்டிய அளவுக்கும் கீழே போயிருந்தது. டாக்டர் மாத்திரையை 100-ஆகக் குறைத்தார். இதைக் கவனியுங்கள்: நேரத்தைச் சரி செய்ததும் பழைய டோஸே அதிகமாகிவிடலாம், நெஞ்சு படபடக்கலாம். அதனால் நேரத்தை மாற்றினால் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

இதைக் கேட்டுவிட்டுச் சிலர் இரும்பு மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். சுரப்பியில் தைராய்டு ஹார்மோனைத் தயாரிக்கும் நொதி இரும்பு இல்லாமல் வேலை செய்யாது. தைராய்டு குறைந்தால் மாதவிடாய்ப் போக்கு அதிகமாகும். போக்கு அதிகமானால் இரும்பு குறையும். இரும்பு குறைந்தால் சுரப்பி இன்னும் தளரும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. சோர்வு, முடி கொட்டுதல், மூச்சு வாங்குதல் எல்லாவற்றையும் தைராய்டின் தலையில் கட்டாமல் ஹீமோகுளோபினையும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பும் கால்சியமும் அவசியம், தைராய்டு மாத்திரையும் அவசியம். எதையும் விடாமல் நேரத்தை மட்டும் பிரிக்க வேண்டும்.

அப்புறம் அயோடின். தைராக்ஸினுக்கு டி4 என்றும் பெயர்; அதில் உள்ள 4, அந்த ஹார்மோனில் இருக்கும் நான்கு அயோடின் அணுக்களைக் குறிக்கிறது. பெரியவர்களுக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் தேவை. நம் கைக்கு வரும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்கவேண்டும் என்பது சட்டம். பத்து கிராம் உப்பிலேயே கணக்கு சரியாகிவிடுகிறது. ஆனால் கல்லுப்புதான் சுத்தம், இந்துப்புதான் ஆரோக்கியம் என்று மாறிய பல வீடுகளில் அயோடின் சேர்த்த உப்பே இருப்பதில்லை. தூத்துக்குடியிலிருந்து ஊருக்கெல்லாம் உப்பு அனுப்பும் மாநிலம் நாம்! அதற்காக அயோடின் சொட்டு, கடற்பாசி மாத்திரை என்று வாங்கிச் சாப்பிடவும் கூடாது. அளவு மிஞ்சினால், ஏற்கெனவே நோயுள்ள சுரப்பி இன்னும் முடங்கும்.

செலினியம் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். டி4-ஐ, உடம்பு பயன்படுத்தும் வடிவமான டி3-ஆக மாற்றும் நொதிக்கு அது வேண்டும், உண்மைதான். மீன், முட்டை சாப்பிடுகிறவர்களுக்குத் தனி மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. முடி கொட்டுகிறது என்று அதை அதிகமாகச் சாப்பிட்டால் அதனாலேயே முடி கொட்டும். முட்டைக்கோஸ் தைராய்டுக்கு ஆகாது என்று பயப்படுகிறவர்கள் அதை வேகவைத்துச் சாப்பிடுங்கள், ஒன்றும் ஆகாது.

முடி என்றதும், முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை ஞாபகத்துக்கு வருகிறது. அது சுரப்பியை ஒன்றும் செய்யாது, ரிப்போர்ட்டைக் கெடுக்கும். 5, 10 மில்லிகிராம் சாப்பிடுகிறவர்களுக்குச் சில லேப் இயந்திரங்களில் டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 அதிகமாகவும் பொய்யாகக் காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் என்ன ஆகும்? ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், லேபிலும் சொல்லுங்கள்.

எங்கள் கடையில் இப்போது கவரில் 'காலை' என்று எழுதுவதில்லை. 6 மணி, 2 மணி, 9 மணி என்று எழுதி, மாத்திரைகளைத் தனித்தனிக் கவரில் போடுகிறோம். "எதுக்கு இத்தனை கவரு?" என்று அந்த அக்காவே ஒருநாள் சலித்துக்கொண்டார்.