பீடை மாதம்: சொல்லும் பொருளும்

மார்கழியில் திருமணம் பேசி முடிப்பதில்லை, புதுவீடு புகுவதில்லை, விதை விதைப்பதுமில்லை. கேட்டால், "அது பீடை மாதம்" என்பார்கள். இந்தப் பெயருக்கு இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. பெருமை என்று பொருள்படும் 'பீடு' என்னும் சொல்லோடு சேர்ந்து 'பீடு உடைய மாதம்' என்று வழங்கியதே மக்கள் நாவில் மருவிப் 'பீடை மாதம்' ஆயிற்று என்பது அது.

கேட்க இனிமையாக இருந்தாலும் இவ்விளக்கத்தை ஏற்பது கடினம். 'பீடு' பழந்தமிழ்ச் சொல்தான். "ஏறுபோல் பீடு நடை" என்று குறள் (59) அதை ஆள்கிறது. ஆனால் 'பீடுடைய' என்பது 'பீடை' ஆகத் தேய்ந்ததற்கு இடைப்பட்ட வடிவம் எதையும் இவ்விளக்கம் காட்டுவதில்லை. அப்படியொரு திரிபைக் கற்பிக்க வேண்டிய தேவையும் இல்லை, ஏனெனில் துன்பத்தைக் குறிக்கும் 'பீடா' என்னும் வடசொல் 'பீடை' என்ற வடிவிலேயே தமிழில் தனித்து வழங்குகிறது. சனிப் பீடை, பீடை பிடித்தவன், பீடை ஒழிந்தது என்னும் வழக்குகளில் இருப்பதும் இதே சொல்தான்.

இந்த விலக்கும் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. சூரியன் தனுர் ராசியில் இருக்கும் இதே முப்பது நாள் அளவைக் 'கர்மாஸ்' என்று அழைத்து, இந்தி வழங்கும் பகுதிகளிலும் திருமணத்தைத் தவிர்க்கிறார்கள். சூரியனின் தேரைக் குதிரைகளுக்குப் பதிலாகக் கழுதைகள் இழுக்கும் காலம் என்று அங்கே அதற்கொரு கதையும் உண்டு ('கர்' என்றால் கழுதை). ஆகவே இந்த விலக்கு சோதிடத்தில் வேரூன்றியதேயன்றி, ஒரு தமிழ்ச்சொல் திரிந்ததால் விளைந்ததன்று.

வியப்பு என்னவென்றால், மணம் விலக்கிய இம்மாதமே மணத்தை வேண்டும் மாதமாகவும் இருக்கிறது. பாவை நோன்பு நல்ல கணவனை வேண்டிக் கன்னியர் நோற்பது. திருவெம்பாவைப் பெண்கள் சிவனடியாரே தமக்குக் கணவராக வேண்டும் என்று பாடுகிறார்கள். விடியுமுன் வாசலில் கோலமிட்டு, சாணத்தைப் பிடித்துவைத்து அதன்மேல் பூசணிப்பூவைச் செருகும் வழக்கத்துக்கு, இவ்வீட்டில் மணப்பருவப் பெண் இருக்கிறாள் என்று ஊருக்கு அறிவிப்பதே நோக்கம் என்று சொல்வாருண்டு. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் அந்தப் பூவையும் சாணத்தையும் எருவாட்டியாகத் தட்டிக் காயவைத்து, தையில் சிறுமியர் சிறுவீடு கட்டி வைக்கும் சிறுவீட்டுப் பொங்கல் முடிந்ததும் ஆற்றில் விடுகிறார்கள். மணப்பேச்சும் அந்தத் தையில்தான் தொடங்கும்.

'பீடை' வடசொல் என்றால் அதற்கு ஈடான தமிழ்ச்சொல் எது என்ற கேள்வி எழும். அதற்கு நிகராக இலக்கியத்தில் நிலைத்த வடிவம் 'பீழை' ஆகும். "முடிந்தாலும் பீழை தரும்" என்பது குறள் (658). இதுவும் 'பீடா'விலிருந்து வந்ததே என்று கருதுவோர் உண்டு. 'நாடிகா' என்பது 'நாழிகை' ஆனதை அவர்கள் சான்றாகக் காட்டுவர். ஐயமற்ற தமிழே வேண்டுவோர்க்கு இடர், துன்பம், இடும்பை ஆகியவை உள்ளன. ஆயினும் 'இடர் மாதம்' என்று மாற்றினால் சொல் மட்டுமே தூய்மையாகும், பழிப்பு அப்படியே நிற்கும். வழிபாட்டுக்கென ஒதுக்கி மற்ற மங்கல வினைகளை விலக்கிய காலம் என்னும் கருத்துக்கு 'நோன்பு மாதம்' என்பதே பொருந்தும்.