நாடாவில் இல்லாத சுரம்

ஓர் இசையமைப்பாளர் மறைந்தபின் அவருடைய குறிப்பேடுகளையும் ஒலிநாடாக்களையும் பெட்டிகளில் அடுக்கிவைத்துவிட்டால் இசை பத்திரமாகிவிட்டது என்று நினைப்போம். மேரியான் அமாக்கர் விஷயத்தில் அந்தக் கணக்கு உதைக்கிறது. 2009இல் மறைந்த இந்த அமெரிக்க ஒலிக்கலைஞரின் ஆவணங்கள் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் அவர் நமக்குக் கேட்கவைத்த சில சுரங்கள் எந்த நாடாவிலும் பதிவாகவில்லை. அவை ஒலிபெருக்கியிலிருந்து வருவன அல்ல; கேட்பவரின் காதுக்குள்ளேயே பிறப்பவை.

1000 ஹெர்ட்ஸ், 1200 ஹெர்ட்ஸ் என்று இரண்டு தூய சுரங்களை ஒன்றாக, கொஞ்சம் உரக்க ஒலிக்கவிட்டால், 800 ஹெர்ட்ஸில் மூன்றாவதாக ஒன்று கேட்கும். முதல் எண்ணை இரட்டித்து இரண்டாவதைக் கழித்துப் பாருங்கள். அறைக் காற்றில் அப்படியோர் அதிர்வு கிடையாது.

உட்காதில் நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் பகுதியில் வெளிவரிசை மயிர்ச்செல்கள் சுமார் 12,000 இருக்கின்றன. ஒலிக்கேற்ப நீண்டு சுருங்கி, அதிர்வைப் பெருக்கித் தருவது இவற்றின் வேலை. அதில் ஓர் ஓரவஞ்சனை உண்டு: மெல்லிய ஒலியை ஏகமாகப் பெருக்கும், பெரிய ஒலியைக் கண்டுகொள்ளாது. இரண்டு சுரங்கள் ஒரே இடத்தை ஆட்டும்போது, ஒன்றுக்குக் கிடைக்கும் பெருக்கத்தை மற்றொன்று நொடிக்குநொடி கூட்டிக் குறைக்கும். அந்த இழுபறியில்தான் புதிய அதிர்வெண்கள் முளைக்கின்றன. எதையும் ஒரே விகிதத்தில் பெருக்கும் காதாக இருந்தால் இது நடக்காது.

மூன்றாவது சுரத்தை வயலின் மேதை தார்த்தீனி 1714இலேயே கவனித்துவிட்டார். காதே ஒலியை வெளியிடுகிறது என்பதற்கு நேரடிச் சான்று கிடைக்க 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லண்டனில் டேவிட் கெம்ப் காதுத் துவாரத்தில் நுண்ணிய ஒலிவாங்கியை வைத்து அதைப் பதிவு செய்தார். பிறந்த குழந்தைகளின் கேள்திறனைச் சோதிக்கும் கருவிகளில் ஒரு வகை இன்றும் இதையே செய்கிறது: இரு சுரங்களை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் மூன்றாவதைத் தேடுகிறது. குழந்தை தூங்கினால் இன்னும் நல்லது. பதில் சொல்ல வேண்டியது காதுதானே.

மற்றவர்களுக்கு வேடிக்கையான பக்கவிளைவாக இருந்ததை அமாக்கர் இசையின் நடுவில் உட்காரவைத்தார். 1999இல் வெளியான அவருடைய குறுந்தகட்டின் துணைத்தலைப்பே 'மூன்றாம் காதை உருவாக்குதல்' என்ற பொருளில் அமைந்தது. உயர்ந்த சுரங்கள் வேகமாகத் துள்ளிச் செல்ல, அவற்றுக்குக் கீழே இன்னொரு மெட்டு தலையை ஒட்டி ரீங்கரிக்கும். ஒலிபெருக்கிகளையும் அவர் கேட்பவரை நோக்கி மட்டும் வைக்கவில்லை. சுவர், தரை வழியாகவும் ஒலியைப் பரவவிட்டார். கட்டடமும் அவருக்கு ஒரு வாத்தியம்.

ஆகவே இத்தகைய கலைஞரின் பெட்டிகளைத் திறப்பவர் நாடாவோடு நின்றுவிட முடியாது. எவ்வளவு உரக்க, எந்தச் சுவரை நோக்கி, எத்தனை ஒலிபெருக்கிகள் என்று காகிதத்தில் தேட வேண்டும். அதே நாடாவை மேசைமேல் வைத்துத் தாழ்ந்த ஒலியில் ஓட்டினால், கீச்சுக்குரலில் சில உயர்ந்த சுரங்கள் மட்டும் கேட்கும்.