கன்டெய்னரை அழிச்சா எழுதின பக்கமெல்லாம் எங்க போகும்?

டீமோட டாகுமென்டேஷனை நம்ம சர்வர்லயே வச்சுக்கணும்னு நினைக்கிறவங்கள்ல நிறைய பேர் போய் நிக்கிற இடம் புக்ஸ்டாக். 2015ல டான் பிரவுன் ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் விக்கி சாஃப்ட்வேர், பிஎச்பி மொழியோட லாராவெல் ஃபிரேம்வொர்க்ல எழுதினது, பின்னாடி டேட்டாபேஸா மைஎஸ்க்யூஎல் இல்லன்னா மரியாடிபி வேணும். சாஃப்ட்வேரை கன்டெய்னர்னு தனித்தனி டப்பாவா பிரிச்சு ஓட்டுற கருவியான டாக்கர்ல ஏத்துனா ஒண்ணு ஆப், ஒண்ணு டேட்டாபேஸ்னு ரெண்டு கன்டெய்னர்.

இந்த கன்டெய்னருக்குள்ள தனி ஓஎஸ் ஓடுதுன்னு பலர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. ஹோஸ்ட்டோட (அதாவது சர்வரோட) ஓஎஸ் மையமான கெர்னல் ஒண்ணுதான், அதுல ஓடுறது சாதாரண ப்ராசஸ்தான், ஆனா அந்த ப்ராசஸுக்கு கண்ல படுற உலகத்தை கெர்னல் சுருக்கிடுது. நேம்ஸ்பேஸ்னு ஒரு வசதி இருக்கு, அது தனி ஃபைல் மரம், தனி நெட்வொர்க், தனி ப்ராசஸ் பட்டியல்னு காட்டும், அதனால மரியாடிபி உள்ளேருந்து பாத்தா தன் ப்ராசஸ் நம்பர் 1னு நினைச்சுக்கும், வெளிய ஹோஸ்ட்ல பாத்தா அதுக்கே வேற ஏதோ பெரிய நம்பர் இருக்கும். எவ்வளவு மெமரி, சிபியு தின்னலாம்ங்கிற கணக்கை சிகுரூப்னு இன்னொரு கெர்னல் வசதி பாத்துக்கும், கூகுள் இன்ஜினியர்கள் 2006ல ஆரம்பிச்ச வேலை அது, 2008ல கெர்னலுக்குள்ள வந்துச்சு. 2013ல வந்த டாக்கர் இதையெல்லாம் சேர்த்துக் கட்டி சுலபமாக்குச்சு, அவ்வளவுதான்.

இப்ப ஃபைல் விஷயம், இங்கதான் பலருக்கு அடி விழுது. கன்டெய்னரை உருவாக்குற அச்சுக்கு இமேஜ்னு பேர், அது ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின லேயர்கள், எதையும் மாத்த முடியாது. கன்டெய்னர் ஓடும்போது மேல எழுதுற மாதிரி ஒரு மெல்லிசான லேயர் வரும், கீழ இருக்கிற ஃபைலை மாத்தணும்னா முதல்ல அது அந்த மேல் லேயருக்கு காப்பி ஆகி அப்புறம்தான் மாறும், கன்டெய்னரை தூக்கினா அந்த லேயரும் கூடவே போயிடும். அதுக்குத்தான் வால்யூம்னு டேட்டா வைக்கிற தனி இடம், அது கன்டெய்னருக்கு வெளிய ஹோஸ்ட் டிஸ்க்ல உக்காந்திருக்கும். நீங்க வால்யூம் குடுக்காம விட்டாலும் மரியாடிபியோட அதிகாரப்பூர்வ இமேஜ் பேரில்லாத ஒண்ணை தானா போட்டுக்கும், ஆனா பல கன்டெய்னரை சேர்த்து ஓட்டுற டாக்கர் கம்போஸ்ல டவுன் கமாண்ட் குடுத்து கன்டெய்னர்களை அழிச்சுட்டு திரும்ப ஏத்தினா புது கன்டெய்னர் அதை தேடிப் போகாது, டேட்டா டிஸ்க்ல இருக்கும், புக்ஸ்டாக் காலியா நிக்கும். பேர் வச்ச வால்யூம்னா டவுன் குடுத்தாலும் பத்திரம், ஆனா டவுன் கூட மைனஸ் வி (-v) போட்டீங்கன்னா அதுவும் காலி.

பேக்கப்பும் ரெண்டு எடுக்கணும். பக்கத்துல எழுதினது டேட்டாபேஸ்ல, ஏத்தின படமும் அட்டாச்மென்டும் தனி ஃபைலா. ஓடிட்டிருக்கிற டேட்டாபேஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி அடிச்சா பாதி எழுதின நிலையில மாட்டும், டேட்டாபேஸ்கிட்டயே கேட்டு உள்ளடக்கத்தை ஒரு ஃபைலா எழுதி வாங்குற டம்ப் எடுக்கிறதுதான் சரி.

ரெண்டு கன்டெய்னரும் பேசிக்க கம்போஸ் ஒரு நெட்வொர்க் போட்டுத் தரும், சர்வீஸ் பேரையே ஹோஸ்ட் பேரா குடுத்தா போதும். அதனால டேட்டாபேஸோட 3306 போர்ட்டை வெளிய திறந்து விட வேண்டிய தேவையே இல்ல, திறந்தீங்கன்னா டாக்கர் தானே லினக்ஸோட ஃபயர்வால் ரூல் இருக்கிற ஐபிடேபிள்ஸ்ல ரூல் போட்டுக்கும், யூஎஃப்டபிள்யூங்கிற ஃபயர்வால் கருவில நீங்க மூடி வச்சிருந்தாலும் அதைத் தாண்டி உள்ள வரலாம்.