குவில்ட் என்பது ஒட்டுப்போர்வை அன்று

தையல் கற்பிக்கும் தமிழ்க் காணொளிகளிலும் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும் பஞ்சு வைத்துத் தைத்த போர்வையைக் குறிக்கும் ‘குவில்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் வருமிடமெல்லாம் ‘ஒட்டுப்போர்வை’ என்றும், ‘குவில்டிங்’ வருமிடமெல்லாம் ‘ஒட்டுவேலை’ என்றும் சொல்வது வழக்கமாகிவிட்டது. பலமுறை காதில் விழுந்துவிட்டதனாலேயே ஒரு சொல் சரியானதாகிவிடாது. இச்சொல் பொருளைப் பிழையாகக் காட்டுகிறது. அதனினும் கேடு, புதிதாகக் கற்க வருபவரை முதல் நாளிலேயே வழி மாற்றி அனுப்பிவிடுகிறது.

சொல்லின் பிறப்பு எளியது. இலத்தீனில் ‘குல்கிதா’ என்பது உள்ளே பொருள் அடைத்த மெத்தையையும் திண்டையும் குறித்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்குச் சென்று இன்றைய வடிவம் பெற்றது. வேரில் இருப்பது அடைத்தல் என்னும் கருத்தே. துண்டுகளைச் சேர்த்தல் அன்று. இன்றைய தொழில் வழக்கிலும், மேல்துணி, இடையிலுள்ள பஞ்சு, அடித்துணி ஆகிய அடுக்குகளை ஊடுருவிச் செல்லும் தையலால் ஒன்றாகப் பிணைப்பதே குவில்டிங். துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணியை உருவாக்குவது வேறு வேலை. ஆங்கிலத்தில் அதற்குப் ‘பேட்ச்வொர்க்’ என்று தனிப்பெயர் உண்டு.

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர், ஒட்டே இல்லாத குவில்ட்டுகளை என்ன சொல்லி அழைப்பார்கள்? இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், 14ஆம் நூற்றாண்டில் சிசிலியில் தைக்கப்பட்ட டிரிஸ்டன் குவில்ட் இருக்கிறது. இரண்டு லினன் துணிகளைச் சேர்த்துத் தைத்து, உருவங்கள் புடைத்து நிற்கும்படி இடையில் பஞ்சு அடைத்து, இடைக்கால ஐரோப்பியக் காதல் கதையின் நாயகனான டிரிஸ்டனின் கதைக் காட்சிகளை அதில் எழுப்பியிருக்கிறார்கள். அதன் அழகு முழுவதும் தையலிலும் புடைப்பிலும் இருக்கிறதேயன்றி ஒட்டில் இல்லை. தெற்குப் பிரான்சின் பூட்டி என்னும் புடைப்புத் தையல் வேலையும், வேல்ஸ் நாட்டின் முழுத்துணிக் குவில்ட்டுகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. மறுபுறம், கொரியாவின் ஜோகக்போ என்னும் பொதிதுணி துண்டுகளை இணைத்தே செய்யப்படுகிறது. அதன் பெயர்பெற்ற வகை ஒற்றை அடுக்காக, இடையில் பஞ்சு எதுவும் இல்லாமல் ஒளி ஊடுருவ நிற்கும். ‘ஒட்டுப்போர்வை’ என்னும் சொல்லை அளவுகோலாகக் கொண்டால் டிரிஸ்டன் குவில்ட் வெளியே போய்விடும், ஜோகக்போ உள்ளே வந்துவிடும். உரியதைத் தள்ளி உரியதல்லாததைச் சேர்க்கும் ஒரு பெயரை எப்படிக் கலைச்சொல் என்பது?

அமெரிக்கச் சிற்றூர்களின் பழைய வழக்கமும் இதையே காட்டுகிறது. மேல்துணியைப் பெண்கள் பெரும்பாலும் தத்தம் வீட்டில் துண்டு துண்டாக இணைத்து முடித்துவிடுவார்கள். பின்பு அண்டை அயலார் கூடிப் பெரிய மரச்சட்டத்தில் மூன்று அடுக்குகளையும் விரித்துக் கட்டி, நான்கு புறமும் அமர்ந்து ஊடுருவித் தைப்பார்கள். ‘குவில்டிங்’ என்ற பெயர் அந்தக் கூட்டத் தையலுக்குத்தான் உரியது.

கற்பவருக்கு நேரும் இழப்பை இங்கேதான் சொல்ல வேண்டும். தொடக்கப் பாடமாகப் பெரும்பாலும் ஒன்பது சதுரங்களை மூன்று வரிசையாக இணைக்கச் சொல்வார்கள். தையலுக்கு விடும் கால் அங்குல ஓரத்தைப் பிசகாமல் காப்பதுதான் அதன் நோக்கம். ஒவ்வோர் ஓரத்திலும் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடினால்கூட, இரண்டு தையல்களும் நான்கு ஓரங்களும் கொண்ட ஒரு வரிசை கால் அங்குலம் சுருங்கிவிடும். இது நல்ல பயிற்சி. ஆனால் ‘ஒட்டுவேலை’ என்று பெயர் சொல்லிக் கற்பித்தால், சதுரங்கள் இணைந்தவுடன் வேலை முடிந்ததென மாணவர் எழுந்துவிடுகிறார். அடுக்குகளை நடுவிலிருந்து வெளிநோக்கி நீவி, சுருக்கமில்லாமல் தற்காலிகத் தையலிட்டு, ஒரு கை மேலிருந்து ஊசியைச் செலுத்த, அடியிலிருக்கும் மறுகை விரல் ஊசிமுனை மூன்று துணிகளையும் கடந்ததை உணர்ந்து திருப்பியனுப்பும் அந்த நுட்பத்தை அவர் தொடுவதே இல்லை. நூல்முடிச்சை மெல்ல இழுத்து மேல்துணியைக் கடக்கவைத்துப் பஞ்சுக்குள் மறைக்கும் சிறு உத்தியும் அவருக்குக் கிட்டுவதில்லை.

எழுத்தாலும் ஒரு குழப்பம் நேர்கிறது. இந்த வேலைக்கு அடிப்படையானது, தையல் ஆசிரியர்கள் ‘ஓட்டுத் தையல்’ என்று சொல்லும் நேர்தையல். ‘ஓட்டு’ நெடில், ‘ஒட்டு’ குறில். மொழிபெயர்ப்பாளர்கள் இவற்றை ஒரே பத்தியில் அருகருகே வைக்கும்போது, கற்பவர் எதை ஓட்டுவது, எதை ஒட்டுவது எனத் திகைப்பதில் வியப்பில்லை.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்களின் கவந்தி என்னும் போர்வையைக் காட்டிச் சிலர் மறுக்கக்கூடும். அங்கே பழைய புடவையை அடித்துணியாக விரித்து, ஓரத்தில் தொடங்கித் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே நடுப்பகுதிக்கு வருவார்கள். ஒட்டும் அடுக்கும் ஒரே தையலில் நிறைவேறுகின்றன. உண்மைதான். ஆயினும் கவந்தியைப் போர்வையாக்குவது அத்துணிகளைப் பிணைத்து வரிவரியாக ஓடும் தையலேயன்றி, வண்ணத் துண்டுகள் அல்ல.

அப்படியானால் எச்சொல் தகும்? ‘கந்தை’யை நான் நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். வடமொழிக் ‘கந்தா’விலிருந்து வந்த சொல் அது. பழம்புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைக்கும் வங்காளக் காந்தாவுக்கு உறவும் ஆகும். ஆனால் ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று சொல்லிப் பழகிய நாவுக்கு அது கிழிசலையே நினைவூட்டும். ‘ரஜாய்’ ஒருவகைப் போர்வையின் பெயர் மட்டுமே, தொழிலைக் குறிக்காது. தைத்தல் எனப் பொருள்படும் ‘துன்னல்’ பழமையும் அழகும் உடையது. பொருநராற்றுப்படை ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’ என்கிறது. சிலப்பதிகாரம் தையற்காரரைத் ‘துன்னகாரர்’ என்கிறது. தூய்மை மட்டும் போதுமென்றால் அதையே எடுத்திருப்பேன். எனினும் அது எல்லாத் தையலுக்கும் பொதுவான பெயர். அதோடு, அகராதியைப் புரட்டினால்தான் பொருள் விளங்கும் சொல்லைப் புதிதாக ஊசி பிடிப்பவர் கையில் கொடுப்பது முறையன்று.

என் முடிவு ‘அடுக்குத்தையல்’. செய்பொருள் ‘அடுக்குத்தையல் போர்வை’. உறுப்புகளை மேல்துணி, இடைப்பஞ்சு, அடித்துணி, ஓரப்பட்டி என்று சொன்னால் எவருக்கும் விளங்கும். ஒட்டுவேலை என்னும் சொல்லைப் ‘பேட்ச்வொர்க்’குக்கே விட்டுவிடலாம். குளிர்நாடுகளில் அணியும் பஞ்சு வைத்துத் தைத்த மேற்சட்டைக்கும் இப்பெயர் பொருந்தும். ‘அடுக்குத்தையல் சட்டை’ என்றால் கேட்பவருக்குச் சரியான உருவம் தோன்றும், ‘ஒட்டுச்சட்டை’ என்றால் முழங்கை கிழிந்து தைத்த சட்டைதான் தோன்றும்.