பயாஸ்: தமிழில் உட்கோட்டம்

கால்பந்து நேரலை வர்ணனையில் இனம் சார்ந்த 'பயாஸ்' (bias, தன்னையறியாத மனச்சாய்வு) இருக்கிறது என்று சொன்னால், "யாரையும் திட்டவில்லையே, பாராட்டத்தானே செய்தார்கள்?" என்று கேட்பார்கள். அந்தப் பாராட்டைத்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ஒரு வீரர் நடுக்களத்தில் பந்தைப் பறித்து, இரண்டு பேரைக் கடந்து, பெனால்டி பாக்ஸுக்குள் நுழைந்து கோல் அடிக்கிறார். அவர் கறுப்பினத்தவர் என்றால் "என்ன வேகம், என்ன உடல் வலு!" வெள்ளையர் என்றால் "இடைவெளியை எவ்வளவு அழகாகக் கணித்தார் பாருங்கள்!" இரண்டுமே புகழ்ச்சிதான். ஆனால் ஒருவருக்கு உடம்பு இருக்கிறது, இன்னொருவருக்கு மூளை இருக்கிறது என்று ஆகிவிடுகிறது.

இது வெறும் ஊகம் இல்லை. ரன்ரிப்பீட் நிறுவனம் இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் சங்கத்தோடு சேர்ந்து 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் லீக்குகளின் 80 ஆட்டங்களில் ஆங்கில வர்ணனையாளர்கள் சொன்ன 2,073 கருத்துகளை அலசினார்கள். உடல் வலுவைப் பற்றிய பேச்சு கருநிற வீரர்கள் விஷயத்தில் 6.59 மடங்கு அதிகம், வேகத்தைப் பற்றியது 3.38 மடங்கு அதிகம். ஆட்ட அறிவைப் பாராட்டியபோது 62.60 சதவீதம் வெளிர்நிற வீரர்களுக்குப் போனது. அதே அறிவில் குறை கண்டபோது 63.33 சதவீதம் கருநிற வீரர்கள் மேல் விழுந்தது.

சரி, 'பயாஸ்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? சாய்வு, சரிவு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. அங்கே 'போல்ஸ்' என்ற புல்தரை விளையாட்டுதான் அதற்கு இன்றைய பொருளைத் தந்தது. அதில் உருட்டும் பந்து ஒரு பக்கம் கனமாகவோ சற்றே வடிவம் மாறியோ இருக்கும். வேகமாக உருளும்போது நேராகப் போவதுபோலவே தெரியும். வேகம் தணியத் தணியத்தான் ஒரு பக்கமாக வளையும். அந்த வளைவுக்குப் பெயர் பயாஸ். உருட்டியவர் கையில் கோணல் இல்லை, பந்துக்குள் இருக்கிறது. மனச்சாய்வுக்கு இதே சொல்லை எடுத்துக்கொண்டது எவ்வளவு பொருத்தம்!

தமிழில் நாம் 'பாரபட்சம்' என்று எழுதிவிடுகிறோம். அது தெரிந்தே ஒரு பக்கம் சாய்வது. 'ஓரவஞ்சனை' இன்னும் மோசம், அதில் வஞ்சனையே இருக்கிறது. 'முன்முடிவு' ஓரளவு நெருங்குகிறது. ஆனால் வர்ணனையாளர் எந்த முடிவையும் எடுத்துவிட்டுப் பேச வருவதில்லை.

என் தேர்வு 'கோட்டம்'. கோடுதல் என்றால் வளைதல் என்று பொருள்; கோணல், கோடாமை எல்லாம் அந்த வழியில் வந்தவை. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் இது இரண்டாகப் பிரிந்தே கிடக்கிறது:

"சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா
உட்கோட்டம் இன்மை பெறின்."

உள்ளத்தில் வளைவு இல்லாமல் இருந்தால்தான் சொல்லில் வளைவு இல்லாத நேர்மை வரும். ஆக, வர்ணனையாளர் மனத்தில் இருப்பது உட்கோட்டம், ஒலிவாங்கியில் கேட்பது சொற்கோட்டம். கோட்டம் என்றதும் இன்று வருவாய்க் கோட்டம் நினைவுக்கு வரலாம். 'உள்', 'சொல்' என்ற முன்னொட்டுகள் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

வெளிப்படையான இனவெறிக்கு இந்தச் சொல்லைப் போடக் கூடாது. 2004இல் இங்கிலாந்து வர்ணனையாளர் ரான் அட்கின்சன், ஒலிபரப்பு முடிந்துவிட்டது என்று நினைத்து, கறுப்பின பிரெஞ்சு வீரர் மார்செல் தெசாயியை இழிவாகப் பேசினார். அது பலர் காதிலும் விழுந்து, அவர் ஐடிவி தொலைக்காட்சிப் பணியிலிருந்து விலகினார். அது இனவெறி, அந்தப் பெயரிலேயே சொல்ல வேண்டும். உட்கோட்டம் ஒற்றை வாக்கியத்தில் பிடிபடாது. வேகமான வீரரை வேகமானவர் என்பதில் தப்பே இல்லை. பல ஆட்டங்களின் வர்ணனையில் யாருக்கு எந்த அடைமொழி கிடைத்தது என்று வீரர்வாரியாக எழுதிவைத்து எண்ணினால்தான் அது தெரியும்.