பனிமூட்டப் படங்களும் மூலக் கோப்பின் பாதுகாப்பும்

அப்புத்தளை, பண்டாரவளை, நுவரெலியாப் பகுதிகளில் எடுக்கப்பட்டு எமது ஸ்டூடியோவுக்கு வரும் படங்களுள் கணிசமானவை பனிமூட்டத்தால் வெளிறியவை. அவற்றைக் கொண்டுவருவோரில் பலர், ஏற்கெனவே கொன்ட்ராஸ்டை, அதாவது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையிலான வேறுபாட்டை, தாமே கூட்டிப் பார்த்து, அதே பெயரில் சேமித்தும் விடுகிறார்கள். அதற்குப் பிறகு எம்மால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

ஜேபெக் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகளே உண்டு. பனிமூட்டப் படத்தின் ஹிஸ்டோகிராம் (எந்தப் படியில் எத்தனை புள்ளிகள் உள்ளன எனக் காட்டும் வரைபடம்) பெரும்பாலும் நடுவில் குவிந்து, உதாரணமாக 90க்கும் 190க்கும் இடையில் அடங்கிக் கிடக்கும். கொன்ட்ராஸ்டைக் கூட்டும்போது அந்த நூறு படிகளே முழு அகலத்துக்கும் இழுக்கப்படுவதால், இடையிடையே வெற்றிடம் விழுந்து ஹிஸ்டோகிராம் சீப்புப் பற்களைப்போல் ஆகிறது. சீராக மங்க வேண்டிய வானம் பட்டை பட்டையாகப் பிரிகிறது. இதைவிட மோசமானது, எல்லையைத் தாண்டித் தள்ளப்பட்ட பகுதி. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் மடிப்புகளைக் காட்டிய நுண்ணிய வேறுபாடுகள் யாவும் 255 என்ற ஒரே எண்ணாகச் சேமிக்கப்பட்டுவிட்டால், அவற்றை மீட்க எந்த மென்பொருளாலும் முடியாது. ஜேபெக்கை மீண்டும் மீண்டும் திருத்திச் சேமிப்பதால் ஏற்படும் தர இழப்பு வேறு.

ஆகவே திருத்தத்தைப் படத்தின்மீதே எழுதாமல், அதற்கு மேலே தனி லேயராக, அதாவது தனி அடுக்காக, வைக்க வேண்டும். ஃபோட்டோஷொப்பில் இதற்கான அட்ஜஸ்ட்மென்ட் லேயர் 1996இல் வெளியான 4.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஆனால் கேர்வ்ஸ் (ஒரு கோட்டை வளைத்து ஒளியளவை மாற்றும் கருவி) இரண்டு இடங்களில் உண்டு. இமேஜ் மெனுவிலுள்ள கேர்வ்ஸ் படத்தின் புள்ளிகளான பிக்சல்களையே மாற்றிவிடும். லேயர் மெனுவிலுள்ள கேர்வ்ஸ்தான் மூலத்தைத் தொடாது. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

கேர்வ்ஸ் கோட்டின் கீழ்ப்பகுதியைச் சற்றுத் தாழ்த்தி, மேற்பகுதியைச் சற்று உயர்த்தினால் போதும். லேயர் கீழுள்ள படத்துடன் கலக்கும் முறையான பிளெண்ட் மோடை, ஒளியளவை மட்டும் மாற்றும் லுமினோசிட்டிக்கு மாற்றிக்கொண்டால், கூறைச்சேலையின் சிவப்பு அளவுக்கு மீறித் தடிப்பதும் முகங்கள் செம்மஞ்சளாவதும் தவிர்க்கப்படும். அடுத்து, திருத்தம் எங்கே தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் லேயர் மாஸ்க்கில், பின்னாலுள்ள மலைகளின்மேல் மென்மையான தூரிகையால் கறுப்புப் பூசுங்கள். திருத்தம் முன்னால் நிற்பவர்களுக்கு மட்டும் பொருந்தி, மலைமேல் பனி அப்படியே இருக்கும். அதிகமாகப் பூசிவிட்டால் வெள்ளையைப் பூசி மீட்கலாம். பனிமூட்டத்தைக் குறைக்கும் கருவியான டிஹேஸை முழுமூச்சாக இழுத்துப் பனியை அடியோடு விரட்டுவோரும் உண்டு. தேயிலைச் செடிகள் கரியாகிப்போன அந்தப் படங்கள் என் கண்ணுக்கு மலையகமாகவே தெரிவதில்லை.

வேலை முடிந்ததும் ஃபோட்டோஷொப்பின் சொந்தக் கோப்பு வடிவமான பிஎஸ்டியாகவோ லேயர்களுடன் கூடிய டிஃபாகவோ சேமித்து, கொடுப்பதற்கு மட்டும் ஜேபெக் பிரதி எடுக்க வேண்டும். இலவச மென்பொருளான கிம்ப்பிலும், 2025இல் வந்த 3.0 பதிப்பு முதல், இட்ட ஃபில்டரைப் பின்னர் திறந்து திருத்தலாம். கோப்பு கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் வடிவில் இருக்க வேண்டும்.

ரோ கோப்பில், அதாவது கமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பில், எடுப்பவர்களுக்கு வசதி அதிகம். 14 பிட் என்றால் 16,384 படிகள். டார்க்டேபிள் போன்ற மென்பொருள்கள் திருத்தக் குறிப்புகளை எக்ஸ்எம்பி என்ற பக்கக் கோப்பில் எழுதுகின்றனவேயன்றி ரோவைத் தொடுவதில்லை. பென்டிரைவுக்கு மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே எடுங்கள்.

ஸ்டூடியோவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதாயின், சாதாரணப் படமாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்புங்கள். இல்லையேல் படம் சுருங்கியே எம்மிடம் வந்து சேரும்.